டில்லிராணி போட்ட பூட்டு

பிப்ரவரி 3, திங்கள்

பெனிட்டா மேடம் ஆளுக்கொரு நோட்டு குடுத்தாங்க. தினம் கத்துக்கிட்டத எழுதணுமாம். "நீங்க எடுத்துப் படிப்பீங்களா மேடம்?"னு கேட்டேன். "இல்லக்கா, உங்களுக்குத்தான்"னாங்க. யாரும் படிக்க மாட்டாங்கன்னா நெறைய எழுதலாம். எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊரே சொல்லும். கையும் ஜாஸ்தின்னு இப்பதான் தெரியுது.

எம்பேரு டில்லிராணி. வயசு நாப்பத்திநாலு. ஆத்தங்கரையில இருந்த குடிசைங்கள எடுத்துட்டு எங்கள இந்தப் பிளாக்குல கொண்டாந்து வெச்சு அஞ்சு வருஷமாவுது. எங்களுது எட்டாவது மாடி. பிளாக்குக்கு ரெண்டு லிஃப்ட்டு, ரெண்டும் படுத்துக்கினு வருஷம் ஒண்ணுக்கு மேல. பாத்துக்கறோம்னு வந்த கம்பெனிக்காரங்க ஒரு நாள் பைய எடுத்துக்கினு போனாங்க, அதோட சரி. கீழ போக நூத்தி நாப்பத்திநாலு படி. தண்ணிக் கேனு, கேஸ் சிலிண்டரு, அரிசி மூட்டை, எல்லாம் முதுகுலதான்.

இப்ப குடியிருப்போர் சங்கமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேந்து, நம்ம லிஃப்ட்ட நாமளே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிருக்காங்க. பொம்பளைங்க பதினொரு பேருக்கு மூணு மாசம் பயிற்சி. முடிச்சா நாங்களே ஒரு குழுவா பத்து பிளாக்கு லிஃப்ட்டையும் எடுத்து நடத்தணும். சொல்லித் தர்றது பெனிட்டா மேடம். மார்த்தாண்டத்துப் பொண்ணு, எம்பொண்ணு வயசுதான் இருக்கும். ஸ்பேனர புடிக்கறதப் பாத்தா பயமா இருக்குது.

"எதுக்காக சேர்றீங்க?"ன்னு ஃபாரத்துல ஒரு கட்டம். "எங்க வூட்டுக்காரர் கீழ போகணும்"னு எழுதினேன். அவரு பேரு எத்திராஜ். சக்கரை முத்திப் போயி இடது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியிலருந்து கூட்டினு வந்த அன்னிக்கு லிஃப்ட்டு ஓடுச்சு, அடுத்த வாரம் நின்னுது. பதினாலு மாசமா அவரு மண்ணத் தொடல. நர்ஸம்மாதான் மாசத்துக்கு ஒருக்கா மூச்சு வாங்கிக்கினு மேலேறி வருது. நாலு பேர் சேர்ல தூக்கினு போறோம்னு சொன்னதுக்கு, "பொணத்த தூக்குற மாதிரி என்னைத் தூக்கினு போவாதீங்கடா"னு கத்திட்டாரு.

பிப்ரவரி 4, செவ்வாய்

நட்டு, போல்ட்டு, வாஷர். பதினேழு சைஸு. கை முழுக்கக் கருப்பு. சோறு ஸ்பூன்லதான் சாப்ட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில ஜன்னலத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. ஏரி இல்ல, ரோடு இல்ல, எதிர் பிளாக்கு இல்ல. வெள்ளை வெளேர்னு பனி மட்டும். எங்க வூடு தனியா மெதந்துக்கினு இருக்குது.

கட்டில்ல குந்திக்கினு பாத்துட்டு அவரு சொன்னாரு, "டில்லி, நங்கூரம் கழண்டுச்சு. எதையாவது கெட்டியா புடிச்சிக்க." நான் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினேன். அவரு ஸ்டியரிங் புடிக்கற மாதிரி ரெண்டு கையும் வெச்சிக்கினு, "இப்ப எண்ணூர் தாண்டுறோம். இதோ பழவேற்காடு. உப்புக் காத்து வருது பாரு"ன்னாரு. எனக்கு நெசமாவே உப்பு வாசனை வந்துது. ஒரு பெரிய வெள்ளைப் பறவ ஜன்னலுக்கு நேரா நின்னு, எங்களப் பாத்துட்டு, பனிக்குள்ள போயிடுச்சு. ஒரு மணி நேரம் அப்படியே போய்க்கினு இருந்தோம். காப்பி ஆறிப் போச்சு. வெயில் வந்ததும் எதிர் பிளாக்கு மொளச்சு வந்துது, துணி காயப் போட்டிருக்கற கயிறோட.

இருபத்திரண்டு வருஷம் அவரு மீன் லாரி ஓட்டினாரு. காசிமேட்டுல ஐஸ் போட்டு ஏத்தினா பெங்களூரு, கொச்சி, எங்கெங்கியோ போவாரு. என்னிக்கு வருவாருன்னு தெரியாது. வந்தாலும் வாசல்ல செருப்பக் கழட்டாம நிப்பாரு. எங்களுக்குப் பொண்ணு பொறந்தப்ப பதினோரு நாள் கழிச்சு வந்து, "யார மாதிரி இருக்குது?"ன்னு கேட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி இப்ப அது திருநின்றவூர்ல இருக்குது.

இப்ப அவரு பூண்டு உரிக்கிறாரு. கீரை ஆயறாரு. எனக்குத் தல சீவி விடறாரு. சிக்கு எடுக்கறதுல அவரு கைய மாதிரி ஒரு கையே கெடையாது. வெளிய சொன்னா சிரிப்பாங்க, அதனால இங்க எழுதறேன்.

கால் போனதுக்கு நான் அழுதேன். நெசமா அழுதேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மொட்ட மாடியில இருக்கற மெஷின் ரூமுக்கு மொத தடவ போனோம். எட்டாவது மாடியிலருந்து இரும்பு ஏணி. உள்ள பெரிய சக்கரம், அதுல இரும்புக் கயிறு. அத ரோப்புன்னுதான் சொல்லணும். தரையில ஓட்ட, ரோப்பு அது வழியா கீழ எறங்குது. ஓட்டையில எட்டிப் பாத்தா ஒரே இருட்டு. அதுலருந்து ஒரு காத்து வருது, யாரோ வாயத் தொறக்காம பாடற மாதிரி.

இன்னிக்கு ஆளுக்கொரு பூட்டு. என் பூட்டுல செவப்பு நெயில் பாலிஷால டில்லிராணின்னு எழுதியாச்சு. சாவிய கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கணும். லிஃப்ட்டு போற குழிக்குள்ள எறங்கறதுக்கு முன்னால மெயின் சுவிட்ச அணைச்சு, அவங்கவங்க பூட்டப் போடணும். வெளிய வந்ததும் அவங்கவங்கதான் தொறக்கணும்.

"பூட்டு தொங்குதுன்னா அந்தப் பேருக்காரங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம்"னு மேடம் சொன்னாங்க. "வேற யாரும் தொறக்கக் கூடாது. மந்திரி வந்து நின்னாலும் கூடாது. பூட்டுதான் உங்க உயிரு, கேட்டீங்களா?"

பக்கத்துல நின்ன பரகத் நிஷா, ரெண்டாவது மாடி, என் ஜோடி, காதுல சொல்லிச்சு, "எங்க வூட்டு ஆளுக்கு இந்த மாதிரி ஒரு பூட்டு இருந்தா நல்லா இருக்கும்கா." சிரிச்சு மேடங்கிட்ட திட்டு வாங்கினோம்.

பிப்ரவரி 28, வெள்ளி

சாயங்காலம் வூட்டுக்குள்ள கால வெச்சதும் அவரு கேக்கற மொத கேள்வி, "எப்ப ஓடும்?"

"புது ரோப்பு வரணும்யா. மும்பையிலருந்து வரணுமாம்."

"இன்னும் வரலியா?"

"வரும் வரும். ரோப்பு இன்னா பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு?"

சிரிச்சாரு. தல சீவி விட்டாரு. ஏரியில சூரியன் எறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் மேகத்துக்குப் பேரு வெச்சிக்கினு இருந்தோம்.

ரோப்பு புதன்கிழமையே வந்துடுச்சு. சொல்ல மறந்துட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சீப்புல கூட கிரீஸ் வாசனை.

மார்ச் 15, சனி

இன்னிக்கு நடந்தது கனவு மாதிரியே இருக்குது. லிஃப்ட்டு கூண்டுக்கு உள்ள இல்ல, அதுக்கு மேல நின்னுக்கினு போனேன். சோதனை வேகம்னு ஒண்ணு இருக்குது, எறும்பு ஊர்ற மாதிரி. கீழருந்து மேல வர பத்து நிமிஷம். ஹெல்மெட்டுல சின்ன வெளிச்சம். ரெண்டு பக்கமும் செவரு மெதுவாக் கீழ எறங்குது, நான் நிக்கற மாதிரியும் பிளாக்கு எறங்கற மாதிரியும் இருந்துச்சு. செவத்துக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வூடா கேக்குது. ரெண்டாவது மாடியில குக்கர் விசில். நாலாவதுல ஒரு கொழந்த வாய்ப்பாடு சொல்லுது, ஏழெட்டு அம்பத்தாறுல தடுக்குது. ஆறாவதுல ஒரு அம்மா யாரையோ திட்டிக்கினே அழுவுது. அஞ்சு வருஷமா இவங்களோட இருக்கேன், இவ்ளோ கிட்ட இருந்ததில்ல.

எட்டாவதுல எங்க வூடு லிஃப்ட்ட ஒட்டினாப்புல. அவரு குரல் கேட்டுது. போன்ல பேசறாரு. அவருகூட லாரி ஓட்டின சேஷாத்திரி கிட்ட.

"ஓடட்டும்டா, லிஃப்ட்டு ஓடட்டும். மொத நாளே வந்து நிப்பேன். வண்டி ஓட்ட முடியலன்னா இன்னா, பக்கத்துல குந்திக்கினு வர்றேன். ஒரு பெங்களூரு, ஒரு கொச்சி. வூட்ல கெடந்து கெடந்து பூண்டு நாத்தம் அடிக்குதுடா மேல."

பரகத் கீழருந்து கத்துது, "அக்கா, நிறுத்தவா?" அது மறுபடியும் கத்திச்சு.

வூட்டுக்குப் போனதும் அவரு எப்பவும் போல, "எப்ப ஓடும்?"னாரு. கதவுல ஏதோ கோளாறுன்னு சொன்னேன். நான் கேட்டதப் பத்தி நானும் சொல்லல, அவரும் சொல்லல. பூண்டு உரிச்சு வெச்சிருந்தாரு. ரசம் வெச்சேன்.

மார்ச் 24, திங்கள்

அவரு ஊன்றுகோல வெச்சிக்கினு கட்டில்லருந்து வாசலுக்கு, வாசல்லருந்து கட்டிலுக்கு நடக்கறாரு. இன்னிக்கு நாப்பது தடவ. டக், டக், டக். நீலச் சட்டைய எடுத்து என்னை இஸ்திரி போடச் சொன்னாரு. போட்டேன். மீசைய ஒதுக்கிக்கினாரு. பாக்க நல்லாத்தான் இருக்காரு, பாவி மனுஷன்.

மத்தியானம் கண்ணசந்தேன். கனவுல எங்க வூடு ரோப்புல தொங்கிக்கினு இருக்குது. யாரோ அத மேல மேல இழுக்கறாங்க. மேகத்துக்கு மேல போயிடுச்சு. அவரு ஜன்னல் பக்கத்துல, நான் அடுப்பு பக்கத்துல. எறங்க வழியே இல்ல. முழிச்சதும் பயமா இருக்கணும் இல்ல? எனக்குத் திரும்பப் படுத்துக்கணும் போல இருந்துது.

ஏப்ரல் 11, வெள்ளி

சோதனை அதிகாரி வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. மெஷின் ரூமச் சுத்தி சுத்தி வந்து, "இத யார் மாட்டினது?"ன்னு ரோப்பக் காட்டினாரு. நானும் பரகத்தும் கையத் தூக்கினோம். "நல்லா மாட்டிருக்கீங்கம்மா"ன்னாரு. பரகத் படி எறங்கற வரைக்கும் அழுதுக்கினே வந்துது.

திங்கக்கெழம, சித்திரை மொத நாள், காலையில ஒம்பது மணிக்கு ரெண்டுல மொத லிஃப்ட்டு ஓடப் போவுது. மொதல்ல ஏறப் போறது எத்திராஜ் அண்ணன்தான்னு சங்கத்துல எல்லாரும் சேந்து முடிவு பண்ணாங்க. நான் கை தட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

நடந்தத அப்படியே எழுதறேன்.

நேத்து சாயங்காலம் நானும் பரகத்தும் குழிய சுத்தம் பண்ணோம். ரெண்டு பேரும் பூட்டுப் போட்டோம். முடிச்சு வந்ததும் பரகத் தன் பூட்ட எடுத்துட்டுப் போயிடுச்சு. நான் மாவு கரைக்கணும்னு அவசரத்துல அப்படியே வந்துட்டேன். மறந்துட்டேன். காலையில அவரு தூங்கிக்கினு இருக்கும்போதே, ஆறு மணிக்கெல்லாம், சொல்லாம கெளம்பி திருவொற்றியூர் கோயிலுக்குப் பஸ் ஏறிட்டேன், நேத்திக்கடன் இருந்துது. போன்ல சார்ஜ் இல்ல.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தா கேட்டுக்கிட்ட கூட்டம். பரகத் ஓடி வந்து முதுகுல ஒரு அடி, அப்பால கட்டிப் புடிச்சிக்கினு ஒரே அழுவ. "உசுரோட இருக்கியா? உசுரோட இருக்கியாக்கா?"

காலையில சுவிட்சப் போட வந்தவங்க என் பூட்டப் பாத்திருக்காங்க. டில்லிராணின்னு செவப்பா. வூட்ல நான் இல்ல, போன் போவல. பூட்டு தொங்குதுன்னா ஆளு உள்ள. வேற இன்னா நெனப்பாங்க? பெனிட்டா மேடம் பூட்ட உடைக்க விடலியாம். "அக்கா உள்ள இருந்தா? உடைச்சுப் போட்டு நசுக்கவா?"ன்னு கத்திட்டு, டார்ச் எடுத்துக்கினு குழிக்குள்ள எறங்கிருக்கு. அப்பால ஒவ்வொரு மாடியிலயும் கதவ நெம்பித் தொறந்து, உள்ள தலைய விட்டு, "டில்லிராணி அக்கா! டில்லிராணி அக்கா!"ன்னு கூப்ட்டிருக்கு. ரெண்டு மணி நேரம். நான் போனப்ப அது மூஞ்சி முழுக்கக் கிரீஸு, முட்டியில ரத்தம். என்னப் பாத்துது. அப்படியே தரையில குந்திடுச்சு.

"அண்ணன்?"னு கேட்டேன்.

"படியில"ன்னுது பரகத்.

எட்டாவது மாடியில நீலச் சட்டையப் போட்டுக்கினு லிஃப்ட்டு வாசல்ல சேர்ல குந்திக்கினு இருந்தாரு இல்ல, அந்தக் குழிக்குள்ளருந்து எம்பேர கூப்பிடறது அவருக்குக் கேட்டிருக்கு. கோல எறிஞ்சிட்டு, படியில குந்தி, கைய ஊனி ஊனி எறங்க ஆரம்பிச்சிருக்காரு. யார் வந்து புடிச்சாலும் தள்ளி விட்டாராம்.

அஞ்சாவது மாடி படியில பாத்தேன். சட்டை முதுகெல்லாம் கிழிஞ்சு, உள்ளங்கை தோலு உரிஞ்சு, வேர்த்துக் கொட்டிக்கினு, அடுத்த படிக்குக் கைய வெச்சிக்கினு இருந்தாரு. நிமிந்து பாத்தாரு. என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சு, தலையத் தடவி, தோள, கைய, வெரல எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு, ஒண்ணு ஒண்ணா. அவரு அழுது நான் பாத்தது இன்னிக்குத்தான்.

அப்பால நான் போய் பூட்டத் தொறந்தேன். லிஃப்ட்டு ஓடுச்சு. யாரும் கை தட்டல. அஞ்சாவது மாடியிலருந்து அவர ஏத்தி எட்டுக்குக் கொண்டு போனோம். பதினாறு மாசங் கழிச்சு அவரு லிஃப்ட்டுல ஏறினது மேல போறதுக்குத்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரெண்டு வாரம் வேலைக்கு வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பூட்டையும் சாவியையும் வாங்கிக்கினாங்க. கழுத்து லேசா இருக்குது. நல்லால்ல.

ஏப்ரல் 19, சனி

லிஃப்ட்டு காலையிலருந்து ஓடுது. எட்டுக்கு வந்தா எங்க செவத்துல ஒரு சின்ன அதிர்வு, அப்பால கதவு தொறக்கற சத்தம். ஜனங்க சிரிச்சிக்கினே வர்றாங்க, தண்ணிக் கேனோட, மூட்டையோட.

அவரு போவல. செவத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்காரு. ஜன்னல் பக்கம் திரும்பறதில்ல. கைப் புண்ணுக்கு மருந்து போட்டா காட்டறாரு, அவ்ளோதான். நேத்து வானம் பூரா செவப்பா, கூட்டங் கூட்டமா பறவ ஏரிக்குத் திரும்பிச்சு. "யோவ், பாருய்யா"ன்னேன். பாக்கல.

நானே தல சீவிக்கறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த நோட்ட யாரும் படிக்கப் போறதில்ல. அப்ப இதுல எதுக்குப் பொய்?

நான் மறக்கல. நேத்திக்கடனும் இல்ல. குழியிலருந்து வெளிய வந்ததும் பூட்டுல கைய வெச்சேன். சாவிய உள்ள விட்டேன். அப்பால வெளிய எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கினேன். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள்னு நெனச்சேன். போன அணைச்சது நான்தான். பஸ்ல ஜன்னலோரம் குந்தி, வெயில் மூஞ்சியில அடிக்க, பாதி தூக்கத்துல போனேன். சாவி நெஞ்சுல உறுத்திக்கினே இருந்துது. என்னைத் தேடிக் குழிக்குள்ள எறங்குவாங்கன்னு தோணவே இல்ல. பூட்டுன்னா ஆளுன்னு ரெண்டு மாசமா படிச்ச எனக்கே தோணல.

மத்தியானம் சோத்தப் போட்டு வெச்சிட்டு அவருகிட்ட சொன்னேன். செவத்தப் பாத்துக்கினே கேட்டாரு.

"தெரியும்"னாரு.

"எப்படித் தெரியும்?"

"ரோப்பு வரல, கதவு கோளாறு. நான் இன்னா மெஷினே பாக்காதவனா? இருபத்திரண்டு வருஷம் வண்டிய மல்லாக்கப் படுத்துக்கினு பாத்தவன்டி."

"அப்பவே கேக்கறதுக்கு இன்னா?"

அவரு திரும்பினாரு. "கீழ போனா நான் திரும்பி வர மாட்டேன்னு நெனச்சியா டில்லி?"

"ஆமா"ன்னேன். "நீ என்னிக்குய்யா சொன்ன நாள்ல வந்த? இந்தப் பதினாறு மாசந்தான் எனக்குப் புருஷன்னு ஒருத்தன் இருந்தான். கால் போச்சேன்னு அழுதேன், அழுதுக்கினே இனிமே எங்கயும் போவ மாட்டான்னு சந்தோஷப்பட்டேன். நான் பாவிதான். போதுமா?"

ஏரியிலருந்து காத்து வந்து காலண்டர் தாள தூக்கித் தூக்கிப் போட்டுது.

"வருவேன்னு சத்தியம் பண்ணலாம்"னாரு. "ஆனா எனக்கே தெரியலடி. ரோட்டப் பாத்தா எனக்கு இன்னா ஆவும்னு எனக்கே தெரியல. அந்த பயத்துலதான் படுத்துக்கினு கெடக்கேன்."

ரெண்டு பேரும் சாப்ட்டோம். ரசம் நல்லா இருந்துதுன்னாரு.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேலைக்குத் திரும்பச் சேத்துக்கினாங்க. பெனிட்டா மேடங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், வேணும்னே பண்ணதையும். சேத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சிக்கினுதான் சொன்னேன். அது என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னுது.

"எங்க ஊர்லருந்து வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு பயம்தான்கா. குழியில யாராவது இருக்கும்போது லிஃப்ட்டு நகர்ந்திடுமோன்னு. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் உங்க பொணத்தத் தேடினேன். அத மட்டும் மறக்காதீங்க"ன்னுச்சு.

பூட்டக் கையில குடுத்துச்சு. கால்ல விழப் போனேன், "சீ, எழும்புங்க"ன்னு திட்டிச்சு.

மே 5, திங்கள்

எழுத்து கோணலா வருது. பரவால்ல.

காலையில ஏழரைக்கு வேலைக்குக் கெளம்பினேன். அவரு கட்டில்ல குந்திக்கினு ஜன்னலப் பாத்துக்கினு இருந்தாரு. நானும் பரகத்தும் மெஷின் ரூம்ல பெருக்கிக்கினு இருந்தோம். எட்டேகாலுக்கு மெஷின் சுத்திச்சு, யாரோ எட்டுலருந்து கீழ எறங்கறாங்க. அரை மாடி போயிருக்காது, கரண்ட் போச்சு. பிளாக்கே கம்முனு ஆயிடுச்சு. போன் பண்ணிக் கேட்டா டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சாம், மத்தியானம் ஆவுமாம்.

ரோப்பு எறங்கற ஓட்டைக்கிட்ட படுத்துக் கூப்ட்டேன். "உள்ள யாரு? பயப்படாதீங்க!"

"நான்தான்"னு கீழருந்து குரல்.

"யோவ்! நீயா?"

"பின்ன யாரு? நீலச் சட்ட கிழிஞ்சு போச்சு. வெள்ளச் சட்ட போட்டுக்கினு கெளம்பினேன்."

கரண்ட் இல்லன்னா கையால நகத்தணும். ஒருத்தர் பிரேக்கக் கம்பியால தளத்திப் புடிக்கணும், ஒருத்தர் சக்கரத்தச் சுத்தணும். சுவிட்ச அணைச்சு, என் பூட்டப் போட்டுட்டு, மேடத்துக்கு போன் பண்ணேன்.

"அவரு எங்க நிக்கறாரு?"

"எட்டுக்கும் ஏழுக்கும் நடுவுல."

"அப்ப மேலதான் லேசுக்கா. ஒரே ஆளு, கூண்டு லேசா இருக்கும். அந்தப் பக்கம் தொங்கற எடைக்கட்டிதான் கனம், அதுவே கூண்ட மேல இழுத்துக்கும். நீங்க சும்மா தொட்டாலே எட்டுக்கு வந்துரும். கரண்ட் வந்ததும் கீழ போகட்டும்."

"கீழ எறக்கணும்னா?"

"ஏழு மாடியா? எடைக்கட்டிய எதுத்துக் கையால சுத்தணும். அவரு பயப்படலன்னா எங்க வேணா எடுக்கலாம். உங்க கைதான் போவும்."

போன வெச்சிட்டு மறுபடியும் படுத்தேன். ஓட்டையிலருந்து அந்தக் காத்து.

"யோவ். மேல கொண்டு வரட்டா, ரெண்டு நிமிஷம். சாயங்காலம் போய்க்கலாம். இல்ல, கீழயா?"

கீழ இருட்டுல அவரு மூச்சு விடறது கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்துது. பரகத் என்னையே பாக்குது. மேலன்னு சொல்லு, மேலன்னு சொல்லுய்யான்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். வெக்கமில்லாமதான் கெஞ்சினேன்.

"கீழ"ன்னாரு.

"அக்கா, தலையெழுத்தா?"ன்னுது பரகத். "சும்மா விட்டா தானா மேல வருது. கேக்கலன்னு சொல்லிக்கலாம்."

"நீ பிரேக்கப் புடி"ன்னேன்.

சக்கரம் மொதல்ல அசையவே இல்ல. உடம்ப முழுக்கப் போட்டேன். ஒரு சுத்து. விட்டா பின்னால இழுக்குது, அவர மேல, எங்கிட்ட, வூட்டுக்கு. புடிச்சிக்கினேன். ரெண்டு சுத்து. பத்து. ரோப்புல மாடிக்கு மாடி மஞ்ச பெயின்ட்ல அடையாளம் போட்டிருக்கு. மொத மஞ்ச வர்றதுக்குள்ள கண்ணு இருட்டிடுச்சு. பரகத்தும் நானும் மாத்தி மாத்தி சுத்தினோம். சத்தமே இல்லாத பிளாக்கு, மெஷின் ரூம் ஜன்னல்ல வெறும் வெள்ளை வானம், ரோப்பு மட்டும் முனகுது. நடுவுல எனக்கு நேரமே தெரியல. ஏழு, ஆறு. அவரு வராத தீபாவளிங்க, பொண்ணு பொறந்த பதினோரு நாள், எல்லாம் ஒண்ணொண்ணா கீழ எறங்கிப் போற மாதிரி இருந்துது. கீழருந்து அவரு, "டில்லி, இப்ப எண்ணூர் தாண்டியாச்சா?"ன்னாரு. "பேசாம வாய்யா, மூச்சு வாங்குது!"ன்னு கத்தினேன். கத்தும்போதே அழுதேன்.

கடைசி மஞ்ச நேரா வந்து நின்னப்ப மணி ஒம்பதேமுக்கால். பரகத் படியில எறங்கி ஓடிப் போய் சாவி போட்டுக் கதவத் தொறந்துது.

நான் மொட்ட மாடி கைப்பிடிச் செவத்துல சாஞ்சிக்கினு பாத்தேன். வெள்ளச் சட்ட வெளிய வந்துது. வாசல்ல நின்னாரு. கோல நெஞ்சோட சாச்சிக்கினு, செருப்பக் கழட்டி, ஒத்தக் கால மண்ணுல வெச்சு நின்னாரு, எவ்ளோ நேரம்னு தெரியல. அப்பால செருப்ப மாட்டிக்கினு கேட்டத் தாண்டிப் போனாரு. மேல பாக்கல. ரோட்டுத் திருப்பத்துல ஆட்டோ ஒண்ணு மறைச்சுது. அப்பால அவரு தெரியல.

இப்ப மணி நாலு. ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்பளம், அரிசி களையும்போது எரிஞ்சுது. ரெண்டு பேருக்குத்தான் வடிச்சேன். கரண்ட் மத்தியானமே வந்துடுச்சு, லிஃப்ட்டு நல்லா ஓடுது. எட்டுக்கு வந்து நின்னா எங்க செவரு லேசா அதிருது. இதுவரைக்கும் அஞ்சு தடவ அதிந்துது. அஞ்சு தடவையும் எழுந்து போய் வாசல்ல எட்டிப் பாத்தேன். பக்கத்து வூட்டுக்காரங்க.